என் ஓரகத்தி கோமதியின் எலும்புகள்

அன்று புதன்கிழமை. காலை ஆறரை மணிக்கு தி.நகரில் எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு ஜோடி டம்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். எல்லோரும் மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆனவர்கள். எலும்பு கரைந்துவிடாமல் இருக்க எடை தூக்குகிறவர்கள். எப்போதும் எல்லோருக்கும் முன்னால் வந்து பாயை விரித்துவிடும் கோமதியை மட்டும் காணவில்லை. “அப்பாடா, இன்னைக்குத்தான் அவளும் நம்மள மாதிரி மனுஷி ஆயிருக்கா” என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவளுடைய மகன் செல்வா படிக்கட்டுக் கதவருகே வந்து நின்றான். வேட்டியைச் சரியாகக்கூடக் கட்டவில்லை.

“பெரியம்மா, அம்மா எந்திரிக்க மாட்டேங்கிறா” என்றான்.

மூன்றாவது மாடியில்தான் அவள் வீடு. நான் இறங்கிப் போனபோது கோமதி ஒருக்களித்து, ஒரு கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வழக்கமாகத் தூங்குவதுபோலவே படுத்திருந்தாள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று வந்து பார்த்த டாக்டர் சொன்னார். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. என்னைவிட இரண்டு வயது இளையவள்.

அவளைப் பற்றி எழுதிக் கொடுக்கும்படி மாடி வகுப்புப் பெண்களாகிய நீங்கள் கேட்டீர்கள். தமிழாசிரியையாக இருந்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா தங்கச்சி மாதிரி இருந்தீங்களே” என்றார்கள். இல்லை. நாங்கள் ஓரகத்திகள் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருந்தோம். அவளைப் பார்த்து நாற்பது வருடமாக நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாரோ ஒரு கோமதியைப் பற்றியதாகிவிடும்.

எங்கள் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு நான் வாழ்க்கைப்பட்டேன், இளையவருக்குக் கோமதி. அவள் வந்து இறங்கிய அன்றே பொறாமை தொடங்கிவிட்டது. என்னைவிட ஒரு சாண் உயரம். எந்தச் சேலையும் அவள் உடம்பில் எடுப்பாக நிற்கும். கடைக்குப் புதுச் சரக்கு வந்தால் என் மாமியார் முதல் சேலையைப் பிரித்து அவள் தோளில் போட்டுத்தான் பார்ப்பார். “வடிவக்காவுக்கும் ஒண்ணு போட்டுப் பாருங்கத்தை” என்று என்னைக் காட்டிக் கோமதியே சொல்வாள். அப்படி அவள் சொல்லிக் கேட்கும்போது இன்னும் எரியும். நான் சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். அவள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. சீக்கிரம் நின்றால் எலும்பும் சீக்கிரம் மெலியத் தொடங்கும் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கோவில்பட்டியிலிருந்து அவள் அம்மா வந்து தங்கும்போதெல்லாம் கோமதி ஒரு மாதிரி அமைதியாகிவிடுவாள். அந்த அம்மாவுக்கு முதுகு கூனிப்போய், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கக் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. முதுகுத்தண்டின் எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கி உட்கார்ந்துவிட்டன என்று டாக்டர் சொன்னாராம். கோமதிக்கு ஐம்பது வயதானபோது, “எனக்கும் எடுத்துப் பாத்திரணும். தனியாப் போக பயமா இருக்கு, வாங்கக்கா” என்று என்னையும் இழுத்துக்கொண்டு எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனுக்குப் போனாள்.

ஒரே நாளில் இரண்டு பேருக்கும் எடுத்தார்கள். அந்த ஸ்கேனில் மைனஸ் போட்டு ஓர் எண் வரும். மைனஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் பெரிதாக ஆக எலும்பு மோசம். எனக்குச் சின்ன எண் வந்தது. அவளுக்குப் பெரியது. எலும்பு மெலிவு நன்றாகவே இருக்கிறது, மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவ்வளவு உயரமான, அவ்வளவு எடுப்பான கோமதியைவிட எனக்கு எலும்பு நன்றாக இருக்கிறது! ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் வழியெல்லாம் பாலும் கேழ்வரகும் சாப்பிடச் சொல்லி அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு நல்ல நாள்.

அதற்குப் பிறகு ரெஜினா வந்தாள். சாந்தோம் பக்கத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட். மந்தைவெளியில் சின்னதாக ஓர் அறை வைத்து நடத்திக்கொண்டிருந்தவளைக் கோமதி எங்கேயோ விசாரித்துப் பிடித்து, வீட்டுக்கே வரவழைத்தாள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும்தான் முதல் பாடம். கோமதிக்குத் தொடை நடுங்கியது. பிறகு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது, ஒரு படி ஏறி இறங்குவது. சில வாரங்கள் கழித்துக் கையில் எடை. கொஞ்சம் கொஞ்சமாக அந்த எடை கூடியது.

“எலும்பு சும்மா கிடக்கிற கட்டை இல்ல ஆன்ட்டி, அது உயிரோட இருக்கு” என்று ரெஜினா என்னைப் பார்த்துச் சொன்னாள். “மேல பாரம் விழுந்தாத்தான், ஓ நமக்கு இங்க வேலை இருக்குன்னு அது தன்னைக் கெட்டிப்படுத்திக்கும். நீங்களும் வாங்களேன்.”

“எனக்கு நம்பர் நல்லா இருக்கும்மா. நான் தினம் பனகல் பார்க்ல வாக்கிங் போறேன்” என்றேன்.

கோமதி மாத்திரையையும் விடவில்லை, டம்பெல்லையும் விடவில்லை. வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்தோம். நான்தான் அதிகம். “இந்த வயசுல வெயிட் தூக்கி என்னடி செய்யப் போற, ஒலிம்பிக்ஸுக்கா?” என்று கேட்டேன்.

“ஒலிம்பிக்ஸுக்கு இல்லக்கா, பாத்ரூமுக்கு. எழுபது வயசுல யார் கையையும் பிடிக்காம பாத்ரூம்ல எந்திரிக்கணும். எனக்கு அது போதும்” என்றாள். இந்த வாக்கியத்தை அவள் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். முதலில் சொன்னது என்னிடம்தான்.

சில வருடங்கள் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கு எலும்பு கொஞ்சம் ஏறியிருந்தது. எனக்குச் சரசரவென்று இறங்கியிருந்தது. டாக்டர் கோமதியைப் பார்த்துச் சிரித்தார். “இந்த வயசுல இறங்காம நின்னாலே பெருசு. உங்களுக்கு ஏறியே இருக்கு.” என் பக்கம் திரும்பி, நடப்பது மனதுக்கும் இதயத்துக்கும் நல்லதுதான், ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு எலும்புக்கு அது மட்டும் போதாது என்று விளக்கினார். மருந்து எழுதினார். நான் தலையாட்டினேன். என் காதில் எதுவும் ஏறவில்லை. அவளும் பேசாமல் வந்திருந்தால் பரவாயில்லை. “அக்கா, நாளைலேருந்து என்கூட வந்திருங்க, ஆறு மாசத்துல சரி பண்ணிரலாம்” என்றாள். அவளுக்குக் கீழே நின்று கற்றுக்கொள்ள வேண்டுமா என்று தோன்றியது. நான் போகவில்லை. மாத்திரையைக்கூட நினைத்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாடி வகுப்பைத் தொடங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் ரெஜினா வந்து கற்றுக்கொடுப்பாள், மற்ற நாட்களில் கோமதி நடத்துவாள். நீங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தீர்கள். முதல் மாடியில் என் சமையலறை ஜன்னல் வழியாக நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டே படியேறிப் போவது எனக்குக் கேட்கும். லிப்டில் போகக் கூடாது என்பது அவள் சட்டம். “டீச்சர் வரலையா?” என்று யாராவது கேட்பீர்கள். “அவங்களுக்கு வாக்கிங் இருக்குல்ல” என்பாள் கோமதி, சத்தமாக, எனக்குக் கேட்கும்படி.

ஒரு தீபாவளிக் கூட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடையில் கையாட்கள் போதவில்லை. சேலைக் கட்டு ஒன்று தரையில் கிடந்தது. கோமதி அதன் அருகே முழங்காலை மடித்து உட்கார்ந்து, கட்டை உடம்போடு அணைத்து, நிமிர்ந்த முதுகோடு எழுந்து கவுண்டர் மேல் வைத்தாள். சேலை பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் பில் போடுவதை நிறுத்திவிட்டு, “கோமதிக்கு என்ன தெம்பு பாத்தியா!” என்றார். நாற்பது வருடக் குடித்தனத்தில் என் சமையலையோ என் வேலையையோ பற்றி அவர் அப்படிக் குரலை உயர்த்திச் சொன்னதில்லை. அன்று இரவு அவருக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பிறகு அந்தக் கல்யாணம். கே.கே. நகரில் ஒரு மண்டபம், எங்கள் சொந்தக்காரப் பையனுக்கு. சாப்பிட்டு முடித்து நானும் அவளும் சேர்ந்துதான் கை கழுவப் போனோம். தரையெல்லாம் தண்ணீர், அதில் யாரோ சிந்திய பாயசம். எனக்குக் கால் வழுக்கியது. நான் அவள் கையைப் பிடித்தேன், அவளும் என்னோடு சரிந்தாள். ஒரே தரை, ஒரே தண்ணீர், ஒரே நேரம். அவள் முழங்கால் மடங்கி, ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தவள்போல விழுந்தாள். நான் மரம்போலப் பக்கவாட்டில் விழுந்தேன். உள்ளே ஏதோ உடைந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

வலிதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். இல்லை. முதலில் எனக்குத் தெரிந்தது கோமதி எழுந்துவிட்டாள் என்பதுதான். சேலையில் ஒட்டியிருந்த பாயசத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு என் தலைமாட்டில் நேராக நின்றாள். கூட்டம் ஓடிவந்து என்னைத் தூக்கப் பார்த்தது. “யாரும் தொடாதீங்க! காலை அசைக்காதீங்க! அக்கா, அப்படியே படுங்க, ஆம்புலன்ஸ் வரட்டும்” என்று அவள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். ஆஸ்பத்திரி போகும்வரை என் கையை விடவில்லை. நான் விட்டுவிடப் பார்த்தேன். அவள் பிடி பலமான பிடி.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒரே இடத்தில் விழுந்த இரண்டு பேரில் எனக்கு மட்டும் ஏன் என்று டாக்டரிடம் கேட்டேன். “எலும்பு மட்டும் காரணம் இல்லம்மா. விழுற விதம் இருக்கு. தொடையில தெம்பு இருந்தா கால் கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்கும். அதுக்கும் மேல அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கு” என்றார். எலும்பும் அவளுக்கு, தெம்பும் அவளுக்கு, அதிர்ஷ்டமும் அவளுக்கே. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கக்கூட என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ரெஜினா தினம் வந்து வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்வாள். நான் இரண்டடி வைத்துவிட்டு வலிக்கிறது என்று படுத்துவிடுவேன். கோமதியும் தினம் வருவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடப்பேன். அவள் ஹாலில் உட்கார்ந்து என் கணவரோடு காபி குடிப்பாள். “அத்தான், அந்தக் காலத்துல மாமா கடையில…” என்று ஏதாவது ஆரம்பிப்பாள். இருவரும் சிரிப்பார்கள். என் வீட்டு ஹாலில், என் டம்ளரில் காபி குடித்துக்கொண்டு, என் கணவரைச் சிரிக்க வைக்கிறாள். ஒருநாள் அந்தச் சிரிப்பு பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்தேன். வாக்கரை இழுத்தேன். நின்றேன். அறைக் கதவு வரைக்கும் போய், கதவைத் தள்ளி, “இங்க ஒருத்தி உடம்பு முடியாமப் படுத்திருக்கேன், என்ன சிரிப்பு?” என்று கத்தினேன்.

கோமதி திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்து தாங்கிப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“நேத்து கட்டில்லேருந்து ரெண்டடி. இன்னைக்குக் கதவு வரைக்கும் வந்துட்டீங்க” என்றாள்.

நான் வாக்கரைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

“என்மேல பொறாமைதானக்கா? எனக்குத் தெரியாதா? நல்லாப் பொறாமைப்படுங்க. ஆனா படுத்துக்கிட்டே பொறாமைப்படாதீங்க. நின்னுக்கிட்டுப் படுங்க.”

என் கணவர் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சட்டென்று பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. அவள் அப்போதுதான் எழுந்து வந்து என் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டாள். என்னை உட்கார வைக்கவில்லை. “வேணும்னா உக்காருங்க. உங்க இஷ்டம்” என்றாள். நான் உட்காரவில்லை.

அதன் பிறகுதான் நான் மாடி வகுப்புக்கு வந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ரெஜினா எனக்கென்று தனியாக, மெதுவாக ஆரம்பித்தாள். முதுகை வளைத்துக் குனியக் கூடாது, அவசரப்பட்டு எடையைக் கூட்டக் கூடாது என்று நூறு கண்டிஷன். ஒரு வருடத்தில் நாற்காலியை விட்டேன். கோமதி மட்டும் என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. மற்றவர்களையெல்லாம் “சூப்பர்” என்பாள். என்னிடம் “இன்னும்” என்பாள். மற்றவர்களுக்குக் கிடைத்த அந்த “சூப்பர்” மேல்கூட எனக்குப் பொறாமை.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம். “முதல்ல எப்படிடி உனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது?” என்று கேட்டேன். அவள் அம்மாவின் கூனைச் சொல்லுவாள் என்று நினைத்தேன்.

“உங்களாலதான்” என்றாள். “அந்த முதல் ஸ்கேன்ல உங்களுக்கு நல்ல நம்பர் வந்துச்சே. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலக்கா. நீங்க வேலைக்குப் போறீங்க, சொந்தச் சம்பளம், பஸ் ஸ்டாண்டுல நின்னா உங்ககிட்ட படிச்ச பிள்ளைங்கல்லாம் வணக்கம் டீச்சர்ங்குது. இந்த உயரம் ஒண்ணுதான் என்கிட்ட இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். அந்த உயரத்துக்குள்ள இருக்கிற எலும்பும் உங்களுதுதான் நல்லதுன்னுட்டாங்க. எப்படியாவது உங்களைத் தாண்டிரணும்னுதான் ரெஜினாவைக் கூப்பிட்டேன்.”

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பதில் சந்தோஷம்தான். ஆனால் அவளுடைய பொறாமை அவளை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டது. என்னுடையது என்னைப் பல வருடம் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டது. பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதைச் சொன்னேன். தொட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அவள் அப்படிச் சிரித்தாள்.

அவளைக் கிடத்தியிருந்தபோது சொந்தத்தில் ஒரு பெண்மணி, “இவ்வளவு எக்சர்சைஸ் பண்ணி என்ன பிரயோஜனம், அறுபத்திரண்டுல போயிட்டாளே” என்று சத்தமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. “சாகாம இருக்கிறதுக்கா அவ பண்ணினா?” என்று கேட்டேன். “முந்தின நாள் சாயங்காலம் தெருவுலேருந்து நாலு மாடி ஏறிப் போய்க் காய்ஞ்ச துணிய எடுத்துட்டு வந்து மடிச்சு வச்சா. ராத்திரி தானே எந்திரிச்சு பாத்ரூமுக்குப் போயிட்டு வந்து படுத்தா. ஒருத்தர் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுக்கல. எத்தனை பேருக்கு வாய்க்கும்?” சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது, நான் அவளுக்காக வாதாடவில்லை. அந்தச் சாவின்மீதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆறு வாரம் படுக்கையில் கிடந்து, பிறர் வந்து திருப்பிப் போடக் காத்திருந்தவளுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

மறுநாள் கண்ணம்மாப்பேட்டை மயானத்துக்குப் போய் அஸ்தியை வாங்கி வந்த செல்வா, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னான். அங்கே வேலை செய்கிறவர் அஸ்தியை மண்சட்டியில் எடுத்துக் கொடுக்கும்போது, “இன்னா நைனா, அம்மாவுக்கு இன்னா வயசு?” என்று கேட்டாராம். இவன் சொல்லியிருக்கிறான். “அறுபத்திரண்டா? எலும்பு இன்னும் நல்லா கெட்டியா கீதே” என்றாராம். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை வாசலிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நானும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் அழுதது அவள் போய்விட்டதற்காக. அந்த அழுகைக்கு நடுவிலும், நம்மைப் பற்றி யாராவது இப்படிச் சொல்வார்களா என்று ஒரு நினைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. முன்னால் யார் நிற்பது என்று நீங்கள் பேசிக்கொண்டபோது என் பெயரை யாரும் சொல்லவில்லை. கவனித்தேன். இருக்கட்டும்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. இது உங்களில் பலருக்குத் தெரியாது, அவள் சமையலறைக்குள் வந்துபோனவர்களுக்கு மட்டுமே தெரியும். கோமதி தோசை சுடும்போது ஒற்றைக் காலில் நிற்பாள். மேடைக்கு ஓரமாக, தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ளக் கை எட்டுகிற தூரத்தில், ஆனால் பிடிக்காமல். ஒரு தோசைக்கு ஒரு கால், அடுத்த தோசைக்கு அடுத்த கால். விழாமல் இருக்க அதுவும் ஒரு பயிற்சி என்பாள். இப்போது தினமும் காலையில் நானும் என் அடுப்படியில் அப்படி நிற்கிறேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டு, இரண்டு பக்கமும் வெந்து, தட்டில் எடுத்து வைக்கும் வரை காலை ஊன்ற மாட்டாள். எனக்கு இன்னும் ஒரு பக்கம்தான் ஆகிறது.